வெடி மாமாவும் யாருக்கும் கேட்காத சத்தமும்

மாத்தளை நகரில் ஒரு தமிழர் முறைப்படி இறந்தவராகக் கருதப்பட வேண்டுமானால் இரண்டு பேர் அதை உறுதிப்படுத்த வேண்டும். ஒருவர் மரணப் பதிவாளர். மற்றவர் சண்முகராஜா. பதிவாளர் கையெழுத்திட்ட பிறகும் சண்முகராஜா வெடி போடவில்லை என்றால், போனவர் கதிர்காமத்துக்குத்தான் போயிருக்கிறார், நாளைக்குத் திரும்பி வந்துவிடுவார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

சண்முகராஜா கோவில் வீதியில் கற்பூரம், சாம்பிராணி, பட்டாசு விற்கிறவர். விற்பது பிழைப்பு, கொளுத்துவதுதான் தொண்டு. தேர்த் திருவிழா, கல்யாணம், சாவு ஊர்வலம், தேர்தல் வெற்றி என்று எதுவானாலும் நெருப்புக்குச்சி அவர் கையில்தான் இருக்கும். தேர்தலில் தோற்ற கட்சி அவசரப்பட்டு வாங்கி வைத்த வெடிகளையும் அவரே திரும்ப எடுத்து, வென்றவருக்குப் போட்டுவிடுவார். நாட்டில் கட்சி மாறுவதைக் கொள்கையோடு செய்த ஒரே பொருள் அந்த வெடிகள்தான்.

இந்த நீண்ட சேவையில் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. எப்படிப் போனது என்பதற்கு அவரிடம் பல வரலாறுகள் உண்டு. கேட்பவரின் தகுதிக்கேற்ப ஒன்றைச் சொல்வார். இடது காதும் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனாலும் நுனியில்லாத விரலுக்குத் தொலைபேசி வழுக்குகிறது என்று, அதை இடது கையில் பிடித்து இடது காதில்தான் வைப்பார். ரஜனியக்கா, அதாவது அவர் மனைவி, “கேக்குற காதுல வைங்களேன்” என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அதுவும் அந்தக் காதுக்குக் கேட்டிருக்காது.

வெடிகளில் அவர் சாதி பார்ப்பார். சரவெடி அவருக்குப் பிடிக்காது. “அது வாயாடி. பொரிஞ்சு தள்ளிட்டுப் போயிரும். மனுசனுக்கு மரியாத ஒத்த வெடிதான்,” என்பார். தன்னுடைய மிகப் பெரிய ஒற்றை வெடிக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘அலி வெடி’. லக்கல, வில்கமுவ பக்கங்களில் காட்டு யானையை விரட்டப் போடும் வெடிக்குத்தான் சிங்களத்தில் அந்தப் பெயர்; அலி என்றால் யானை. அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பெயரை மட்டும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். யானை வழக்குப் போடாது என்பது அவர் துணிவு.

அவர் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சரோஜாதேவி குடியிருந்தார். வாசனைச் சரக்குக் களஞ்சியம் ஒன்றில் மிளகும் சாதிக்காயும் தெரிந்தெடுத்துப் பிரிக்கும் வேலை. அவர் சந்துக்குள் நுழையும் முன்பே கராம்பு வாசம் நுழைந்துவிடும். கணவர் போய் வெகுகாலம். ஒரே மகன் உதயராஜ். அந்தச் சந்திலிருந்து கேம்பஸுக்குப் போன முதல் ஆள். விவசாய பீடத்துக்கு அவன் தெரிவான அன்று சண்முகராஜா போட்ட வெடியில் சந்து நாய்கள் உக்குவளைக்குக் குடிபெயர்ந்தன என்றும், அவற்றில் சில இன்னும் திரும்பவில்லை என்றும் சொல்கிறார்கள்.

உதயராஜ் நெட்டையானவன், கேள்வி கேட்கிறவன். சண்முகராஜாவை ‘மாமா’ என்று கூப்பிடுவான். தொலைபேசியில் அவர் பெயரை ‘வெடி மாமா’ என்று பதிந்து வைத்திருந்தான். அவர் தம்மை மாத்தளையின் ஒலித்துறை அதிபதியாகக் கருதி வந்தார். அவன் அவரை ஒரு விளையாட்டுச் சாமானாகக் கருதினான். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

கடைசி வருடத்தில் அவனுக்கு ஓர் ஆராய்ச்சி கொடுத்தார்கள். லக்கலயில் சோளத்தையும் நெல்லையும் காட்டுப்பன்றி தின்றுவிடுகிறது; அதைக் கொல்லாமல் சத்தத்தால் மட்டும் விரட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். அவன் நேரே சண்முகராஜாவின் கடைக்கு வந்தான்.

“மாமா, பன்னிய வெரட்டணும். ஒங்க சாமான் வேணும்.”

“எத்தன பன்னி?”

“எண்ணல மாமா. அதுங்க வரிசையில நிக்க மாட்டேங்குது.”

“என் அலி வெடி ஒண்ணு போட்டுப் பாரு. பன்னி திருகோணமலையில போயித்தான் மூச்சு விடும்.”

“எழுதிக்கிறேன். எதிர்பார்க்கும் முடிவு: திருகோணமலை.”

“எழுதுடா. பெரிய எழுத்தா எழுது.”

சில வாரம் கழித்துத் திரும்பி வந்தான். சண்முகராஜா கல்லாவை விட்டு எழுந்தே நின்றார்.

“என்னடா, எது வரைக்கும் ஓடுச்சு?”

“மொத நாள் ஓடுச்சு மாமா. மறுநாள் நடந்து போச்சு. இப்ப சத்தம் கேட்டாத்தான் வருது.”

“வருதா?”

“ஆமா. வெடி கேட்டா அங்கன சோளம் இருக்குன்னு பழகிருச்சு. நாங்க ஹொஸ்டல்ல சோத்து மணி கேட்டு ஓடுவோமே, அந்த மாதிரி.”

சண்முகராஜா மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். “அது சரியில்லாத பன்னிடா. வேற பன்னியப் பாரு.”

“சேர் சொல்லிட்டாரு, சரிவரலன்னாலும் அது ஒரு முடிவுதானாம். ஒங்க பேர நன்றியுரையில போடப் போறேன்.”

“என் பேர போட்டே, கடப் பக்கம் வந்துராத!”

மானப் பிரச்சினையாகிவிட்டது. புதிதாக வந்திருந்த பெட்டி ஒன்றை அவரே எடுத்து அவன் பையில் திணித்தார். “இது வேற சாதி. இதுக்கு நிக்கிற பன்னிய நான் கையெடுத்துக் கும்புடுறேன். ஆனா திரி கொஞ்சம் குட்ட. கொளுத்திட்டு நின்னு வேடிக்க பாக்காத, ஓடிரு.”

“மாமா, ஒங்க விரல் நுனி மாதிரியா?”

“போடா நாயே!”

அவன் சிரித்துக்கொண்டே லக்கல பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அந்த வழியில் பஸ் குறைவு. ஓடித்தான் ஆக வேண்டும்.

ஆராய்ச்சி முடியும் வரை காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருப்பதில்லை. பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. அதன் மறுமுனையில் இரண்டு கட்டைகளில் கட்டிய ஒரு குழாய்த் துவக்கு. கம்பி இழுபட்டால் சுடும். கட்டுத்துவக்கு என்பார்கள். பன்றியா மனுசனா என்று அது கேட்பதில்லை. கட்டினவர் அப்போது வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை உதயராஜ் பன்றியின் காலடித் தடம் பார்க்கப் போனான். கையில் அளவுநாடா மட்டும்தான் இருந்தது.

அவனோடு தங்கியிருந்த சிங்கள நண்பன் தினுக, தாய்க்கு நேராகச் சொல்லப் பயந்து, உதயராஜின் தொலைபேசியில் ‘மாமா’ என்று இருந்த பெயரைத் தேடி அழைத்தான். சண்முகராஜா அதை வழக்கம்போல இடது காதில் வைத்தார்.

“மாமே... உதயட்ட வெடி வெதிலா.” உதயராஜுக்கு வெடி பட்டுவிட்டது என்றான்.

இந்த ஊரின் இரண்டு மொழிகளும் ‘வெடி’ என்ற சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. சிங்களத்தில் வெடி பட்டது என்றால் துவக்குச் சூடு பட்டது என்று பொருள். மாத்தளைத் தமிழருக்கும் இது தெரியும். அவர்களும் சுடப்பட்டவரை ‘வெடி பட்டவர்’ என்றுதான் சொல்வார்கள். சண்முகராஜா மூன்று தலைமுறைக்குப் போதுமான சிங்களம் பேசக்கூடியவர். ஆனால் வாழ்நாள் முழுதும் அவருக்கு வெடி என்றால் ஒன்றே ஒன்றுதான். அதிலும் குட்டைத் திரி வைத்த ஒரு பெட்டியை அவரே அவன் பையில் திணித்து அனுப்பியிருந்தார்.

“மகே வெடித?” என்றார். என் வெடியா என்று கேட்டார்.

“ஒவ் மாமே, வெடி, வெடி,” என்று ஆமோதித்து அந்தப் பையன் அழுதான். பிறகு, பிள்ளை உயிரோடு இல்லை என்றான். தொடர்பு அறுந்தது.

சண்முகராஜா கடையின் இரும்புக் கதவை இழுத்துக் கீழே விட்டார். பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் இத்ரூஸ் நானா எட்டிப் பார்த்தார்.

“என்ன சண்முகம், காலங்காத்தால கடய மூடுற?”

“காய்ச்சல் நானா.”

“இப்பத்தானே என்னோட சண்ட புடிச்சிட்டு ஈந்தே?”

“அப்பவே இருந்துச்சு. சொல்லல.”

வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தார். சற்று நேரத்தில் ரஜனியக்கா சந்திலிருந்து தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஏங்க! நம்ம உதயன் வெடி பட்டுப் போயிட்டானாம்ங்க!” அக்கா போர்வையை விலக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் மனுசன் சட்டைப் பையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே, எட்டாத இடத்தில் வைத்திருந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெட்டி அவர் மார்பை விட்டு இறங்கியதில்லை.

அன்று முழுதும் ஜன்னல் வழியாக ஊர் பேசிக்கொண்டு போனது. வெடி பட்டுப் போனானாம். சின்ன வயசு, வெடி பட்டு. போலிஸ் போயிருக்காம், எவன் வெடின்னு தேடுறாங்களாம். ஒவ்வொன்றும் கேட்கிற காதிலேயே விழுந்தது. போலிஸ் வருவதைப் பற்றி அவருக்குப் பயமில்லை. பிடித்துக்கொண்டு போகட்டும் என்றே இருந்தார். சரோஜா தன்னைப் பார்த்து என்ன கேட்பாள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு பெட்டி வெடியால் ஒரு தாயின் ஒரே பிள்ளையை முடித்துவிட்டேனா? இந்த ஒரு கேள்வியோடு அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வெளியே ஊர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. மாலைக்குள் வீதியில் வெள்ளைக் கொடிகள் ஏறின. அவற்றுக்கு நடுவே பதாகைகள் ஏறின. ஒரு பதாகை உதயராஜை ‘இளம் விஞ்ஞானி’ என்றது. அடுத்தது ‘மலையகத்தின் விடிவெள்ளி’ என்றது. மூன்றாவது, இரண்டையும் விட மேலே போக வழியில்லாமல், ‘சரித்திரமே’ என்று நிறுத்திக்கொண்டது. எல்லாவற்றிலும் ஒரே படம். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரை வெட்டியிருந்தார்கள். ஆனால் அவருடைய கை மட்டும் பிள்ளையின் தோளில் தங்கிவிட்டது. பதாகை கட்டிய பிரமுகர்களின் படங்கள் முழுதாக, கை காலோடு, அவனை விடப் பெரிதாக இருந்தன. உயிரோடிருந்தபோது அவனுடைய கேம்பஸ் அனுமதிக்கு ஒரு கையெழுத்துப் போட மூன்று தடவை வரச் சொன்னவரும் அதில் ஒருவர். கண்ணீர் அவருக்குத் தவணையில்லாமல் வந்திருந்தது.

மறுநாள் காலை மரண உதவிச் சங்கம் அவசரமாகக் கூடியது. தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் லெட்சுமணன். விவாதத்துக்கு ஒரே பொருள்: ஊர்வலத்தில் வெடி போடுவதா, வேண்டாமா? வெடி பட்டு இறந்த பிள்ளைக்கு வெடி போடுவது நாகரிகமன்று, பெற்றவள் நெஞ்சு தாங்காது என்று ஏகமனதாக முடிவாயிற்று. சண்முகராஜா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து, அதற்கான வாதங்களையும் தயாரித்துக்கொண்டு, அவர் வீட்டுக்கு நான்கைந்து பேராகப் போனார்கள்.

“சண்முகராஜா, நீங்க மனசு சங்கடப்படக் கூடாது,” என்று அதிபர் ஆரம்பித்தார். “இன்னைக்கு வெடி வேணாம்னு சங்கம் தீர்மானிச்சிருக்கு.”

“சரி சேர்.”

“நீங்க கேக்கலாம், வழக்கம் என்னாவுறதுன்னு...”

“நான் கேக்கல சேர்.”

“இல்ல, கேப்பீங்கன்னு...”

“இனிமே நான் வெடியே போட மாட்டேன் சேர். இன்னைக்கு மட்டுமில்ல. எப்பவும்.”

அதிபருக்குப் பெரிய ஏமாற்றம். தயாரித்த வாதங்கள் அப்படியே தொண்டையில் நின்றன. வெளியே வந்து, “ஆளுக்கு நெசமாவே காய்ச்சல்தான்,” என்றார்.

அவர்கள் போனதும் சண்முகராஜா எழுந்து முகம் கழுவினார். “ஏங்க, எங்க போறீங்க?” என்றார் ரஜனியக்கா. “சொல்லிட்டு வந்துர்றேன்,” என்றார். எதை என்று சொல்லவில்லை. அக்கா பின்னாலேயே ஓடினார்.

சாவு வீட்டில் பெட்டியின் தலைமாட்டில் சரோஜாதேவி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வாசலில் அதிபரும் சங்கத்தாரும் நாற்காலிகளில் இருந்தார்கள். சண்முகராஜா யாரையும் பார்க்காமல் உள்ளே போய், சரோஜாவுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டார்.

“தங்கச்சி, என்ன அடி. செருப்பால அடி.”

“என்னண்ணே பேசுறீங்க?”

“என் வெடிதான். நான் குடுத்த வெடிதான் அவன கொன்னுச்சு. திரி குட்டன்னு தெரிஞ்சும் பையில போட்டு அனுப்புனேன்.”

ஒப்பாரி மெதுவாகக் குறைந்தது. சரோஜா அவரைப் புரியாமல் பார்த்தார்.

“எந்த வெடிண்ணே? ஒங்க வெடிப் பெட்டி அந்தா மூலையில கெடக்கு. அவன் சாமானோட கொண்டாந்து வச்சிட்டாங்க. பிரிக்கவே இல்ல.”

“அப்ப... வெடி பட்டுன்னு...”

“துவக்குண்ணே. பன்னிக்குக் கட்டுன துவக்கு.”

“துவக்கா?”

“துவக்குதான்.”

“அப்பாடா!” என்றார் சண்முகராஜா.

மாத்தளையில் எத்தனையோ வெடி போட்டவர் அவர். ஆனால் அவர் போட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். ஒப்பாரி முழுதாக நின்றது. வாசலில் அதிபர் பாதி எழுந்து பாதியிலேயே நின்றார். ரஜனியக்கா புருசனின் முதுகில் ஓங்கிக் கிள்ளினார். அந்த மனுசனின் முகத்தில், பிணம் கிடக்கும் வீட்டில், ஊர் முழுதும் பார்த்திருக்க, ஒரு மலர்ச்சி பரவி, தான் எங்கே பரவுகிறோம் என்று தெரிந்து, ஒளிய இடம் தேடியது.

“இல்ல தங்கச்சி... நான் அப்படிச் சொல்லல... நான்...”

“நேத்துலருந்து இதத்தான் சொமந்துகிட்டு கெடந்தீங்களா?”

“ஆமா.”

“அதான் வரலயா?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?”

“நானும் வாசலயே பாத்துகிட்டு இருந்தேன். ஊரே வந்துச்சு. பேரு தெரியாதவன்லாம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனான். எங்கண்ணன மட்டும் காணல.” சரோஜா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “போகட்டும். ஒரு ஆளு நெஞ்சுலருந்தாவது கல்லு எறங்குச்சே. அழுவாதீங்க.”

சண்முகராஜா அப்போதுதான் அழத் தொடங்கினார். உதயராஜ் செத்துப்போனது அவருக்கு அந்த நிமிசத்தில்தான் தெரிந்தது. அதுவரை அவர் வெடியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையை நினைக்க இடம் இருக்கவில்லை. “பன்னியப் பத்திக் கேலி பண்ணுவானே தங்கச்சி, என் விரலக் கேலி பண்ணுவானே,” என்று சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னார். யாரும் அவரை விலக்கவில்லை.

சற்றுப் பொறுத்து சரோஜா சொன்னார்.

“யாரு கட்டுனாங்கன்னு தெரியலயாம்ணே. போலிஸ்காரங்க வீடு வீடாப் போயிக் கேட்டாங்களாம். அந்தச் சத்தமே ஒருத்தருக்கும் கேக்கலயாம். பக்கத்து வயல்ல தண்ணி கட்டிக்கிட்டு நின்ன ஆளுக்கும் கேக்கலயாம்.”

சண்முகராஜா நிமிர்ந்தார். துவக்குச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று அவரிடமா கேட்பது? வாழ்நாளெல்லாம் வெடித்து ஒரு காதைப் பாதி இழந்தவர் அவர். ஒருநாளும் வெடிக்காமல் இரண்டு காதையும் ஒரே காலையில் இழந்தவர்கள் அங்கே ஒரு வயல்வெளி முழுக்க இருந்தார்கள்.

“எம் புள்ள போன சத்தம் ஒருத்தனுக்கும் கேக்கல,” என்றார் சரோஜா. “நீங்க போடுங்கண்ணே. கேக்கட்டும்.”

வாசலில் அதிபர் தொண்டையைச் செருமினார். “சரோஜா, ஒங்க நெஞ்சு தாங்காதுன்னுதான் சங்கத்துல ஒரு தீர்மானம்...”

“எந்நெஞ்சக் கேட்டீங்களா சேர்?”

அதிபர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். தீர்மானத்தில் அந்தப் பகுதி விடுபட்டிருந்தது. சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு தீர்மானம், கூட்டம் கூடாமலே, நாற்காலியில் இருந்தபடியே வாபஸ் ஆனது.

பின்னேரம் ஊர்வலம் சந்திலிருந்து வீதிக்கு ஏறியது. முன்னால் தப்பு அடித்தார்கள். அதற்கும் முன்னால் சண்முகராஜா, மூலையில் கிடந்த அந்த வெடிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ரஜனியக்காதான் நாற்காலி போட்டு ஏறி நெருப்புப்பெட்டியை எடுத்துக் கொடுத்திருந்தார். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது ஒடிந்தது. நெருப்புப்பெட்டி ஈரமாகிவிட்டது என்று பக்கத்தில் நின்றவரைத் திட்டினார். மூன்றாவது பற்றியது.

வெடித்தது. பதாகைகள் ஒருமுறை உதறிக்கொண்டன. கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் தமிழில் கேட்டார், யாரு என்று. ஒருவர் சிங்களத்தில் கேட்டார். சண்முகராஜா நின்று நின்று எல்லோருக்கும் பதில் சொன்னார். “சரோஜா மகன். உதயராஜ். துவக்கால சுட்டது.” வெடி பட்டது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் மனுசர்களுக்குப் பாவிப்பதை அன்றோடு விட்டுவிட்டார். சரோஜா ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். ஆனால் போதும் என்று கையைக் காட்டவில்லை.

பிரமுகர் ஒருவரின் பதாகைக்குக் கீழே வந்தபோது மற்றதை விட இரண்டு கூடப் போட்டார். அது தற்செயல் என்று பிறகு சொல்லிக்கொண்டார். கரி படிந்ததும் பிரமுகரின் முகத்தில்தான், அதுவும் தற்செயல்.

இத்ரூஸ் நானா மரியாதைக்காகக் கடையை அரைக் கதவு மூடி, தொப்பியோடு வாசலில் நின்றிருந்தார். சண்முகராஜா அவர் காலடியிலேயே ஒன்றைக் கொளுத்தி வைத்தார். நானா துள்ளிப் பின்னால் போனார்.

“யா அல்லாஹ்! காது கிழியுதே சண்முகம்!”

“கேட்டுச்சா நானா?”

“கேக்காமயா? ரத்தோட்ட வரைக்கும் கேட்டிருக்கும்.”

“லக்கலக்கு?”

இத்ரூஸ் நானா கிழக்கே பார்த்தார். அங்கே ரத்தோட்டைக்கு மேலே மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது. லக்கல அதற்கும் அந்தப் பக்கம். பிறகு சண்முகராஜாவின் முகத்தைப் பார்த்தார்.

“கேக்கும்,” என்றார். “காத்து அந்தப் பக்கந்தானே அடிக்குது.”

வீதியெங்கும் வெள்ளைக் கொடிகள் அசையாமல் தொங்கின. சண்முகராஜா தலையாட்டிவிட்டு, குனிந்து, அடுத்ததைக் கொளுத்தினார்.